கிளை, கணு, தேதி: மைண்ட் மேப்பில் திட்டம் போடுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

சிறு குழுக்கள் செய்யும் வேலைகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுப்பது சில வருடங்களாக என் பக்கவேலை. அதற்கு மைண்ட் மேப் மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். பார்த்தவர்கள் தங்களுக்கும் சொல்லிக்கொடுக்கச் சொன்னார்கள். ஆட்கள் மாறினார்களே தவிர கேள்விகள் மாறவில்லை. ஒவ்வொரு முறையும் பழைய மெசேஜ்களைத் துழாவிப் பதிலை எடுத்து ஒட்டுவது அலுத்துப்போனதால் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகள் கேட்டவர்களின் பேச்சிலேயே இருக்கின்றன. உதாரணம் தேவைப்படும் இடத்தில் எல்லாம் ஒரே உதாரணம்தான்: ஒரு குழு 96 பக்கத்தில் ஆண்டு மலர் ஒன்று கொண்டுவருகிறது.

இது படம் வரையற சாஃப்ட்வேரா, இல்ல பட்டியல் போடறதா?

பட்டியல் போடுவதுதான். அந்தப் பட்டியலைப் படமாகவும் காட்டும், அவ்வளவே. நடுவில் ஒரு பெட்டி, அதிலிருந்து கிளைகள், கிளைகளிலிருந்து சிறு கிளைகள். ஒவ்வொரு பெட்டியையும் கணு என்று சொல்லிக்கொள்வோம், கரும்பில் சொல்வதுபோல. அதே கணுக்களை மேலிருந்து கீழாக, உள்தள்ளி உள்தள்ளி வரிகளாக எழுதினால் பழைய உட்தலைப்புப் பட்டியல் கிடைத்துவிடும். இரண்டும் ஒரே மரத்தின் இரண்டு தோற்றங்கள்.

காகிதப் பட்டியலில் இல்லாத வசதிகள் இரண்டு இதில் உண்டு. ஒரு கிளையை மடக்கி மறைக்கலாம், வேண்டும்போது விரிக்கலாம். ஒரு கணுவை இழுத்து வேறு கிளையில் போட்டால் அதன் கீழே தொங்கும் அத்தனையும் கூடவே வந்துவிடும். இந்த இரண்டையும் கைப்பழக்கமாக்கிக்கொண்டவருக்கு மென்பொருள் பாதி கைவந்துவிட்டது.

மைண்ட் மேப்ங்கறாங்க, அவுட்லைனர்ங்கறாங்க, கான்செப்ட் மேப்னு வேற சொல்றாங்க. மூணும் ஒண்ணா?

முதல் இரண்டும் நெருங்கிய சொந்தம், மூன்றாவது வேறு குடும்பம். மைண்ட் மேப் என்ற பெயரைப் பரப்பியவர் டோனி புசான். 1974ல் பிபிசி தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் அவர் இதைச் சொல்லிக்கொடுத்தார். கிளை கிளையாக வரைவது அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய பழக்கம். அவுட்லைனர், அதாவது உள்தள்ளிய வரிகளாகப் பட்டியல் போடும் மென்பொருள், கணினியோடு பிறந்தது. கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பரில் செய்துகாட்டிய புகழ்பெற்ற செயல்விளக்கத்திலேயே திரையில் ஒரு பட்டியலை மடக்கி விரித்துக் காட்டினார். அதே மேடையில்தான் கணினி மவுஸும் ஊருக்கு அறிமுகமானது. 1983ல் டேவ் வைனரின் திங்க்டேங்க் வந்தபிறகு வீட்டுக் கணினிக்கும் அவுட்லைனர் வந்து சேர்ந்தது.

கான்செப்ட் மேப் 1970களில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் நோவாக் குழுவினர் உருவாக்கியது. அதில் மையம் என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. எந்தக் கருத்திலிருந்தும் எந்தக் கருத்துக்கும் கோடு போகலாம், ஆனால் ஒவ்வொரு கோட்டின் மேலும் என்ன உறவு என்று எழுதவேண்டும். பாடம் புரிந்துகொள்ள அருமையான கருவி. வேலையைப் பிரிக்க மரமே வசதி, ஏனென்றால் மரத்தில் ஒவ்வொரு கணுவுக்கும் தாய்க் கணு ஒன்றுதான். யாருடைய பொறுப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதில் குழப்பம் வராது.

எது நல்ல சாஃப்ட்வேர்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

ஒன்றே ஒன்று என்றால் ஃப்ரீபிளேன். இலவசம், திறமூலம், கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும். முகப்பு கொஞ்சம் பழைய காலத்து வாசனை அடிக்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். அழகு முக்கியம் என்றால் எக்ஸ்மைண்ட். அலுவலகத்தில் பணம் கட்டி வாங்கித் தருகிறார்கள் என்றால் மைண்ட்மேனேஜர். படமே வேண்டாம், வரிகள் போதும் என்பவருக்கு வொர்க்ஃப்ளோயி. ஈமாக்ஸ் என்ற எழுத்துத் திருத்தி ஏற்கெனவே தெரிந்தவர் அதற்குள் இருக்கும் அவுட்லைனரான ஆர்க் மோடை விட்டு வெளியே வரமாட்டார், அவரிடம் வாதாடவும் வேண்டாம்.

பெயரைவிடச் சோதித்துப் பார்ப்பது முக்கியம். மவுஸைத் தொடாமல் இருபது கணு போட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் டேப் விசை குழந்தைக் கணுவைத் தரும், என்டர் பக்கத்துக் கணுவைத் தரும். ஒவ்வொரு கணுவுக்கும் கை மவுஸுக்குப் போனால் யோசனை அறுந்துவிடும், அந்த மென்பொருள் வேண்டாம். பிறகு ஒரு கிளையை இழுத்து இன்னொரு கிளையின் கீழே போடுங்கள். கடைசியாக மொத்தத்தையும் வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா பாருங்கள். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மற்ற வசதிகள் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி.

காகிதத்துல போட்டா போதாதா?

ஒரு மணி நேரக் கூட்டத்துக்குப் போதும். காகிதத்தில் கணுவை நகர்த்த முடியாது என்பதுதான் சிக்கல். திட்டமிடுதலில் முக்கால்வாசி நேரம் நகர்த்துவதிலேயே போகிறது. நானும் முதல் கிறுக்கலைக் காகிதத்தில்தான் செய்கிறேன்.

திறந்து வெச்சுட்டு முழிக்கிறேன். நடுப் பெட்டியில என்ன எழுதறது?

வேலை முடிந்ததும் கையில் என்ன இருக்குமோ அதை எழுதுங்கள். ‘ஆண்டு மலர்’ என்று எழுதினால் அது தலைப்பு. ‘96 பக்க மலர், 500 பிரதி, விழாவுக்கு மூன்று நாள் முன்பு கையில்’ என்று எழுதினால் அது இலக்கு. பக்க எண்ணிக்கையை எழுதிய நொடியிலேயே கேள்விகள் வரத் தொடங்கும். புத்தகம் பெரும்பாலும் 8 அல்லது 16 பக்கப் பாரங்களாகத்தான் (ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டு மடிக்கும் பக்கத் தொகுதி) அச்சாகிறது. 96 என்றால் பதினாறு பக்கத்தில் ஆறு பாரம். யாராவது கடைசி நேரத்தில் ‘ஒரே ஒரு கட்டுரை, மூணு பக்கம்தான்’ என்று வந்தால் என்ன பதில் சொல்வது என்பது நடுப்பெட்டியிலேயே முடிவாகிவிட்டது.

அடுத்த கால் மணி நேரம் ஒழுங்கு பார்க்காமல் கொட்டுங்கள். கட்டுரை, அட்டை, விளம்பரம், மெய்ப்பு, அந்த அச்சகக்காரரின் போன் நம்பர், எல்லாம் நடுப்பெட்டியின் கீழே நேரடிக் குழந்தைகளாக வரட்டும். பிரிக்காதீர்கள், அழிக்காதீர்கள். கொட்டி முடித்தபின் ஒன்றோடொன்று ஒட்டுகிறவற்றைப் பக்கத்தில் இழுத்து வையுங்கள். கிளைகளின் பெயர் கடைசியில்தான் வரவேண்டும். முதலிலேயே ஐந்து கிளைக்குப் பெயர் வைத்துவிட்டு நிரப்பத் தொடங்கினால் அந்த ஐந்துக்குள் அடங்காதவை மனதிலேயே தோன்றாது.

கிளையை எதை வெச்சுப் பிரிக்கறது? ஆளை வெச்சா, நாளை வெச்சா, வேலையை வெச்சா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். கேட்கப்பட்ட மூன்றுமே வேண்டாம். கிடைக்கப்போகும் பொருளை வைத்துப் பிரியுங்கள். மலர் என்றால் அட்டை, கட்டுரைகள், படங்கள், விளம்பரப் பக்கங்கள், அச்சுப் பிரதிகள். எல்லாமே பெயர்ச்சொற்கள் என்பதைக் கவனியுங்கள். ஆளை வைத்துப் பிரித்தால் ஒருவர் விலகியதும் மரத்தையே மறுபடி நடவேண்டும். நாளை வைத்துப் பிரித்தால் ஒரு வாரம் தள்ளிப்போனதும் எல்லாக் கணுவும் இடம் மாறும். ‘எழுதுதல், திருத்துதல், சரிபார்த்தல்’ என்று வினையை வைத்துப் பிரித்தால் ஒவ்வொன்றும் எப்போது முடிந்தது என்று யாராலும் சொல்லமுடியாது. அட்டை முடிந்ததா என்றால் கையில் எடுத்துக் காட்டலாம். வினைச்சொற்களுக்கு மரத்தின் கடைசி நுனிகளில் இடம் உண்டு, அங்கே மட்டும்.

இது நான் கண்டுபிடித்த ஞானம் இல்லை. பெரிய பொறியியல் திட்டங்களில் இதை வேலைப் பகுப்புக் கட்டமைப்பு என்பார்கள். அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் நாசாவும் 1962ல் வெளியிட்ட வழிகாட்டி ஒன்றில் இது வருகிறது, 1968ல் ராணுவத் தரநிலையாகவே ஆனது. ஏவுகணை செய்கிறவர்களுக்கு வகுத்ததை மலர் போடுகிறவர்கள் எடுத்தாள்வதில் ஒரு வெட்கமும் இல்லை.

அந்தத் துறை தரும் இன்னொரு உருப்படியான சோதனை நூறு சதவீத விதி. ஒரு கணுவின் கீழே இருப்பவை அத்தனையும் முடிந்தால் அந்தக் கணுவும் முடிந்திருக்கவேண்டும். மிச்சம் ஏதாவது இருந்தால் ஒரு குழந்தைக் கணு விடுபட்டிருக்கிறது என்று பொருள். ‘அட்டை’ கணுவின் கீழே முன்னட்டை, பின்னட்டை என்று இரண்டு மட்டும் இருந்தால் முதுகில் வரும் தலைப்பை யாரும் செய்யமாட்டார்கள். வடிவமைப்பாளர் கடைசி நாள் போன் செய்து ‘முதுகு அகலம் எவ்வளவு?’ என்று கேட்பார். தாள் எத்தனை ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எடை அளவு) என்று அன்றைக்குத்தான் தேடுவீர்கள்.

எவ்வளவு ஆழம் போகணும்? ஆரம்பிச்சா போயிட்டே இருக்கு.

திட்ட மேலாண்மையில் ஒரு கட்டைவிரல் கணக்கு உண்டு: கடைசிக் கணு 8 மணி நேரத்துக்குக் குறையவும் வேண்டாம், 80 மணி நேரத்துக்கு மேல் போகவும் வேண்டாம். மாதக்கணக்கில் ஓடும் வேலைகளுக்கு அது சரி. மாலையில் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் வேலை செய்யும் குழுவுக்கு நான் சொல்வது வேறு. ஒரு ஆள், ஒரு உட்காரலில் முடிக்கக்கூடியது என்று ஆனதும் நிறுத்துங்கள். ‘முடிந்தது என்று எப்படித் தெரியும்?’ என்ற கேள்விக்குத் தயங்காமல் பதில் வரவேண்டும், அதுவும் அவசியம்.

எல்லாக் கிளையும் ஒரே ஆழம் இருக்கவேண்டியதில்லை. அடுத்த வாரம் செய்யப்போவதை நுனிவரை பிரியுங்கள். இரண்டு மாதம் கழித்து வரும் ‘விநியோகம்’ ஒற்றைக் கணுவாகவே தூங்கட்டும்.

ஒரு கணுவுக்குக் கீழே ஏழுக்கு மேல போகக்கூடாதாமே?

இது உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956ல் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து கசிந்து வந்த நம்பிக்கை. அவர் பேசியது, ஒருமுறை கேட்டதை உடனே திருப்பிச் சொல்ல எத்தனை உருப்படியை மனம் தாங்கும் என்பதைப் பற்றி. பின்னால் நெல்சன் கோவன் 2001ல் அந்த எண் நாலுக்குப் பக்கம் என்றார். இரண்டுமே நினைவில் வைப்பதைப் பற்றியவை. கண்முன் திரையில் இருப்பதை யாரும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

மலரில் 22 கட்டுரை என்றால் ‘கட்டுரைகள்’ கீழே 22 கணு இருக்கட்டும். ஏழுக்குள் அடக்கவேண்டும் என்பதற்காக ‘இதர கட்டுரைகள் 1’, ‘இதர கட்டுரைகள் 2’ என்று பொய்க் கிளை போடாதீர்கள். ஆனால் நடுப்பெட்டியிலிருந்து நேரடியாக இருபது கிளை கிளம்பினால் நீங்கள் இன்னும் தொகுக்கவில்லை என்று அர்த்தம்.

ஒரே வேலை ரெண்டு கிளையில வருதே, எங்க வெக்கறது?

‘பழைய புகைப்படத்துக்கு அனுமதி வாங்குதல்’ கட்டுரைக்கும் சொந்தம், படங்களுக்கும் சொந்தம். அது முடியாவிட்டால் எது நின்றுபோகும் என்று கேளுங்கள். படம் இல்லாமலும் கட்டுரை அச்சேறும் என்றால் அனுமதி ‘படங்கள்’ பக்கம் போகட்டும். மற்ற இடத்திலிருந்து ஒரு இணைப்பு அம்புக்குறி போதும். ஃப்ரீபிளேனில் ஒரே கணுவை இரண்டு இடத்தில் வாழவைக்கும் குளோன் வசதி இருக்கிறது, ஒரு இடத்தில் திருத்தினால் இன்னொரு இடத்திலும் மாறும். நகலெடுத்து ஒட்டுவதை மட்டும் செய்யாதீர்கள். இரண்டு பேர் ஒரே ஆளிடம் தனித்தனியாக அனுமதி கேட்டுக் கடிதம் போடுவார்கள், அந்தப் புகைப்படக்காரருக்கு உங்கள் குழுவைப் பற்றி என்ன தோன்றும்?

படம் முழுக்க அம்புக்குறியாகிவிட்டால் உங்கள் விஷயம் மரவடிவில் இல்லை. கான்செப்ட் மேப் பற்றி மேலே சொன்னதைத் திரும்பப் படித்துவிட்டு வாருங்கள்.

தேதி எங்க போடறது? எதுக்கு அப்புறம் எதுன்னு இதுல எப்படிக் காட்டறது?

காட்ட முடியாது. பலர் மென்பொருளைக் கைவிடும் இடம் இதுதான், முதல் நாளே யாராவது இதைச் சொல்லியிருக்கவேண்டும். ‘எவையெல்லாம் வேண்டும்?’ என்ற கேள்விக்கு மட்டுமே மரத்தில் பதில் உண்டு. ‘எது முதலில்?’ என்பதற்கு அதில் இடமில்லை. மேலே இருக்கும் கிளை முன்னால் நடக்கும் என்று கண் தானாக நினைத்துக்கொள்ளும், ஆனால் கிளைகளின் வரிசைக்கு எந்தப் பொருளும் கிடையாது. மலரில் பொருளடக்கம் முதல் பக்கங்களில் வரும், அதனால் மரத்தில் அதுதான் முதல் கணு. ஆனால் பக்க எண்கள் உறுதியாகும்வரை அதில் ஒரு வரிகூட முடிக்க முடியாது. பக்க எண் உறுதியாக வடிவமைப்பு முடியவேண்டும், வடிவமைப்புக்கு மெய்ப்பு முடியவேண்டும்.

கால வரிசைக்கென்று வேறு கருவிகள் எப்போதோ வந்துவிட்டன. ஹென்றி கான்ட் 1910களில் பரப்பிய பட்டை அட்டவணை ஒன்று. 1950களின் இறுதியில் வந்த பெர்ட், சிபிஎம் என்ற வலைப்பின்னல் முறைகள் இன்னொன்று. சிறு குழுவுக்கு அதெல்லாம்கூட அதிகம். மரத்தின் கடைசி நுனிகளை மட்டும் பிடுங்கி ஒரு அட்டவணைத் தாளில் வரிசையாக ஒட்டுங்கள். பக்கத்தில் மூன்றே பத்தி (மேலிருந்து கீழாக ஓடும் கட்டங்கள்): யார், எந்தத் தேதிக்குள், எது முடியக் காத்திருக்கிறது. மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் வேலைகளை இன்றைக்கே தொடங்கலாம். கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி நிரப்பினால் வயிற்றைக் கலக்கும். திட்டம் போடும்போதே கலக்கினால் நல்லது.

வேலை நடக்க நடக்க மேப்பையும் திருத்திட்டே இருக்கணுமா?

அட்டவணை பிறந்த நாளோடு மேப்பில் ‘முடிந்தது’ குறி போடுவதை நிறுத்திவிடுங்கள். எது முடிந்தது என்பதற்கு ஒரே ஒரு இடம்தான் சாட்சி. நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். ஒரு மலரில் நன்றியுரைப் பக்கத்துப் பெயர்ப் பட்டியலைத் திருத்தி, மேப்பில் பச்சைக்குறி போட்டேன். வடிவமைப்பாளர் பார்த்தது அட்டவணையை. அதில் பழைய கோப்பின் பெயர்தான் இருந்தது. எட்டுப் பேரின் பெயர் இல்லாமல் அச்சாகிவிட்டது. துண்டுச்சீட்டு அடித்து ஒவ்வொரு பிரதியிலும் கையால் செருகினோம். அந்த எட்டுப் பேரில் ஒருவர்தான் எங்களுக்குக் காகிதம் வாங்கிக் கொடுத்தவர்.

ஆனால் வேலையின் அளவே மாறினால் மேப்புக்குத் திரும்பவேண்டும். 96 பக்கம் 80 ஆகிறது, ஒரு புதுப் பகுதி சேர்கிறது என்றால் முதலில் மரத்தில் வெட்டுங்கள் அல்லது ஒட்டுங்கள், பிறகு அட்டவணையில்.

டீம்ல எல்லாரும் சேர்ந்து ஒரே படத்துல வரையலாமா?

நேரலையில் பலர் சேர்ந்து திருத்தும் வசதி பல இணைய மென்பொருள்களில் இருக்கிறது. முதல் கொட்டலுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள். யேல் பல்கலைக்கழகத்தில் டெய்லர், பெர்ரி, பிளாக் மூவரும் 1958லேயே சோதித்துப் பார்த்தார்கள். கூடி உட்கார்ந்து யோசிக்கும் குழுவைவிட, அதே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியே யோசித்து ஒன்றுசேர்க்கும்போது யோசனைகள் அதிகம் கிடைத்தன. திரையில் முதலில் எழுதுகிறவரின் கிளைப் பெயரைத்தான் மற்றவர்களும் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்பதை நானே பலமுறை பார்த்துவிட்டேன்.

ஆளுக்குப் பதினைந்து நிமிடம் தனியே எழுதட்டும். பிறகு ஒருவர் விசைப்பலகையில் உட்கார, மற்றவர்கள் வாயால் சொல்லி ஒன்றாக்குங்கள். ஒட்டாமல் மிஞ்சும் கணுக்களில்தான் சண்டை வரும், அதை அன்றைக்கே முடித்துக்கொள்வது மலிவு.

எங்க மேனேஜர்கிட்ட காட்டினா, தலையும் புரியல வாலும் புரியலங்கறார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தப் படம் உருவாகும்போது நீங்கள் கூடவே இருந்தீர்கள், அவர் இல்லை. நூற்றுச் சொச்சம் பெட்டிகளை ஒரே நேரத்தில் பார்ப்பவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது. எல்லாவற்றையும் மடக்கி முதல் இரண்டு நிலைகளை மட்டும் காட்டுங்கள், அவர் கேட்கும் கிளையை மட்டும் விரியுங்கள். அனுப்பிவைப்பதாக இருந்தால் படமாக அனுப்பாமல் உள்தள்ளிய வரிகளாக ஏற்றுமதி செய்து ஒரு பக்கத்தில் அனுப்புங்கள். மேலிருந்து கீழே படித்துப் பழகிய கண்ணுக்கு அது போதும்.

தமிழ்ல டைப் பண்ணினா கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் போகுது.

‘கொ’ என்பது கணினிக்குள் முதலில் க, பிறகு உயிர்க்குறி என்ற வரிசையில் இருக்கும். திரையில் மட்டும் கொம்பு முன்னால் வரவேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்யத் தெரியாத மென்பொருளில் எழுத்து உடைகிறது. திரையில் சரியாக இருந்துவிட்டு பிடிஎஃப் ஆக்கும்போது மட்டும் உடைவதும் உண்டு. அதனால் வாங்கும் முன்பே ‘கௌரவம், ஸ்ரீ, பக்ஷி, சொற்கோவை’ என்று நான்கு கணு போட்டு பிடிஎஃப் எடுத்துப் பாருங்கள். பழைய எழுத்துரு முறையில் தட்டிய கட்டுரைத் தலைப்புகளை அப்படியே ஒட்டாமல் முதலில் யூனிகோடாக மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொரு தொல்லை, அகரவரிசை. யூனிகோடு அட்டவணையில் ன என்பது ந-வுக்கு அடுத்து இருக்கிறது, ற என்பது ர-வுக்கு அடுத்து. மென்பொருள் வெறும் குறியெண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் தமிழ் அகராதி வரிசை வராது. சொல்லடைவு, பெயர்ப் பட்டியல் போன்றவற்றுக்கு அந்த ‘வரிசைப்படுத்து’ பொத்தானை நம்பிவிடாதீர்கள்.

அந்தக் கம்பெனியே நாளைக்கு மூடிட்டா என் ஃபைல் என்னாகும்?

ஃப்ரீமைண்ட், ஃப்ரீபிளேன் இரண்டின் கோப்பும் எக்ஸ்எம்எல் என்ற வெறும் எழுத்துதான், நோட்பேடிலேயே திறக்கலாம். எக்ஸ்மைண்ட் கோப்பு உள்ளுக்குள் ஒரு ஜிப் பொதி, பெயரின் வால்பகுதியை மாற்றிப் பிரித்துப் பார்க்கலாம். மென்பொருள் விட்டு மென்பொருள் போக ஓபிஎம்எல் என்ற பொதுவடிவம் 2000ல் வந்தது, பெரும்பாலான அவுட்லைனர்கள் அதைப் புரிந்துகொள்ளும். இணையத்தில் மட்டுமே வாழும் மேப்புகளில்தான் ஆபத்து அதிகம்.

கடைசிப் பாதுகாப்பு எப்போதும் டேப் உள்தள்ளல் கொண்ட எழுத்துக் கோப்பு. நிறம், படம், அம்புக்குறி எல்லாம் அதில் போய்விடும், சொற்களும் தாய்-பிள்ளை உறவும் நிற்கும். அதனால்தான் முக்கியமான தகவலை நிறத்தில் மட்டும் வைக்காதீர்கள் என்கிறேன். ‘சிவப்பு என்றால் அவசரம்’ என்பது கோப்பு மாறியதும் காணாமல் போகும், ‘அவசரம்’ என்ற சொல் போகாது.

ஏஐகிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல முழு மேப்பும் போட்டுத் தருதே, நான் எதுக்கு உக்காந்து யோசிக்கணும்?

தரும், ஒழுங்காகவும் இருக்கும். ஆனால் அது தருவது உலகத்தில் எந்த மலருக்கும் பொருந்தும் மரம். உங்கள் மலரில் கவிதை அனுப்பும் அந்த ஒருவர் எப்போதும் இரண்டு வாரம் தாமதம் என்பது அதற்கு எப்படித் தெரியும்? நீங்கள் கொட்டி முடித்தபின் அதனிடம் ஒரு மேப் கேளுங்கள். அதில் இருந்து உங்களிடம் இல்லாத கணுக்களை மட்டும் பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது பின்னட்டையில் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணின் பட்டைக்குறிக்கு இடம் விடவேண்டும் என்ற கணு கிடைத்தது. எங்களுக்கு அது தேவையில்லை என்று முடிவானது, ஆனால் முடிவெடுத்தோம் அல்லவா? வரிசையை மாற்றி, முதலில் அதனிடம் வாங்கினால் அதைத் திருத்துவதோடு உங்கள் யோசனை நின்றுவிடும்.

எந்த மாதிரி வேலைக்கு இது சரிப்படாது?

மாதாமாதம் அப்படியே திரும்பும் வேலைக்குச் சரிபார்ப்புப் பட்டியல் போதும். நாலே அடியில் முடிவதற்கு எதுவுமே வேண்டாம். முடிவு எப்படி இருக்கும் என்றே தெரியாத தேடலுக்கு நடுப்பெட்டியில் எழுத ஒன்றும் இருக்காது. அங்கே குறிப்பேடு நல்ல துணை.

பிளான் போடறதுலயே நாள் போயிடுது. வேலையே ஆரம்பிக்க மாட்டேங்கறேன்.

மனசாட்சிப்படி ஒன்று பாருங்கள்: கடைசி அரை மணி நேரத்தில் கணு ஏதாவது புதிதாகச் சேர்ந்ததா, இடம் மாறியதா, நீங்கியதா? இல்லை, நிறமும் எழுத்துருவும் சின்னப் படமும் மட்டும்தான் மாறின என்றால் திட்டம் முடிந்துவிட்டது, கோப்பை மூடலாம். இந்த மென்பொருள்களில் அலங்கார வசதி இவ்வளவு இருப்பது நமக்கு நல்லதா என்று எனக்கு இன்றுவரை சந்தேகம். அட்டவணையில் மூன்றாவது பத்தி காலியாக இருக்கும் வேலைகளைப் பற்றிச் சொன்னேனே, அதில் மிகச் சிறியதை எடுத்து இன்றைக்கே முடியுங்கள். பெரும்பாலும் அது ஒரு போன் அழைப்பாக இருக்கும்.

வேலை முடிஞ்ச அப்புறம் அந்த மேப்பை என்ன பண்றது? டெம்ப்ளேட்டா வெச்சுக்கலாமா?

அப்படியே வைத்தால் அடுத்த முறை போன வருடத்துக் கட்டுரையாளர் பெயர்களை அழிப்பதிலேயே எரிச்சல் வந்து தூக்கிப்போடுவீர்கள். முதல் நாள் சேமித்த பிரதியை ‘தொடக்கம்’ என்று தனியே வைத்திருங்கள். வேலை முடிந்ததும் அதையும் கடைசிப் பிரதியையும் எழுத்துக் கோப்பாக எடுத்து அருகருகே வைத்துப் படியுங்கள். தொடக்கத்தில் இல்லாமல் கடைசியில் முளைத்திருக்கும் கணுக்களை மட்டும் ஒரு சிறு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். என் பட்டியலில் இப்போது பதினோரு வரி இருக்கிறது. முதல் வரி ‘அட்டை முதுகு’, இரண்டாவது ‘நன்றியுரை: கோப்பின் பெயரைச் சரிபார்’.